அடுத்தவர் திரை

பேய் பிடித்தாற்போல் தேய்த்துக்கொண்டிருக்கிறார் நீலக்கா. கடையின் இரும்புக் கதவு இன்னும் பாதிதான் ஏறியிருக்கிறது. அதற்குள் குனிந்து நுழைந்து, மூச்சிரைக்கப் படியேறி வந்து, தோளில் கிடக்கும் பையைக்கூட இறக்காமல், இடுப்பில் செருகிய நீலத்துணியை உருவி டிவித் திரைகளைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். துடைக்கிறார் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். நேற்று வந்து போனவர்களை நிற்க வைத்துத் திட்டுவதுதான் அங்கே நடக்கிறது. "பேசுறது வாயாலதானே? கை எதுக்கு? உன் வீட்டுக் கண்ணாடியையும் இப்படித்தான் தடவிட்டே பேசுவியா?" என்று யாரோ ஒருவரின் கட்டைவிரல் ரேகையைப் பார்த்துக் கேட்கிறார். ரேகை பதில் சொல்லாமல் அழிகிறது. அடுத்த ரேகைக்குப் போகிறார்.

அது மூன்று மாடிக் கடை. கீழே மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி. நடுவில் பிரிட்ஜ், வாஷிங் மெஷின். மேலே சுவர் முழுக்க டிவி. மேல்மாடியில் நிற்பவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது கடை அல்ல, டிவி கம்பெனிகள். ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆளுக்குத் தன் நிறத்தில் ஒரு சட்டையை மாட்டி அனுப்பியிருக்கிறது. அதனால் அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. நீலம், பச்சை, ஆரஞ்சு. இவர் மற்றவர்களுக்கு மூத்தவர் என்பதால் நீலக்கா. வீட்டில் கணவரே ஒரு நாள் "என்ன நீலம், வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்குத் தன் தட்டைத் தானே கழுவிக்கொண்டாராம்.

அந்த மாடிக்கு எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. அவரவர் திரையை அவரவர்தான் துடைக்க வேண்டும். அடுத்தவர் டிவியில் தூசி அப்பிக் கிடந்தாலும் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான், கை வைக்கக் கூடாது. ஏனென்றால் துடைக்கிற சாக்கில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். டிவிக்கு அடியில், விரலால் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி, ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி வெளிச்சத்தையும் நிறத்தையும் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும், பக்கத்துக் கம்பெனி டிவி அழுது வடியும். வாங்க வருகிறவர் தானாக இந்தப் பக்கம் திரும்புவார். கடை மேலாளரிடம் இதுவரை யாரும் இதைப் புகாராகச் சொன்னதில்லை. சொல்கிறவரின் விரல் மட்டும் சுத்தமா என்ன?

எதிர்ச் சுவர் பச்சையுடையது. முப்பது வயதுகூட ஆகாத ஆள், தேனொழுகப் பேசுவான். அவனைக் கண்டாலே நீலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை வயதான ஒரு தம்பதி நீலத்தின் முன்னால் நின்று ஏறக்குறைய சரியென்று தலையாட்டிவிட்ட நேரத்தில், நைசாகப் பக்கத்தில் வந்து, நீலக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரை மூடிவிட்டதாகக் காதில் போட்டுவிட்டான். அவர்கள் பச்சையை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் படியிறங்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார் நீலக்கா.

"ஏன்டா தம்பி, எங்க சர்வீஸ் சென்டருக்கு நீதான் போய்ப் பூட்டு போட்டியா?"

"இல்லக்கா, யாரோ சொன்னாங்க. கேள்விப்பட்டேன்."

"நானும்தான் கேள்விப்பட்டேன், உன் கம்பெனி டிவி ராத்திரில தானா வெடிக்குதாம். வரவங்க காதுல எல்லாம் ஓதட்டுமா?"

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுக்கா..."

"உனக்கு வெளையாட்டு. எனக்கு வயித்துப் பொழப்பு."

அன்றோடு விட்டிருந்தால் அவர் நீலக்கா இல்லை. மறுநாளிலிருந்து, பச்சை வருவதற்கு முன், தன் திரைகளைத் துடைத்து முடித்த கையோடு எதிர்ச் சுவர்ப் பக்கம் ஒரு நடை போய் வருவார். இருப்பதில் பெரிய டிவியின் அடியில் விரல் ஒரு நொடி போய் வரும். ஒரேயடியாக இறக்கினால் மாட்டிக்கொள்வோம் என்பது அவருக்குத் தெரியும். நாலு சலவை கண்ட சட்டை மாதிரி, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் புதிது இல்லை என்கிற பதத்தில் விட்டுவிடுவார். பச்சை பல நாள் கவனிப்பதில்லை. கவனித்த நாளில் தலையைச் சொறிந்துகொண்டு கூட்டி வைப்பான். அவனுக்குச் சந்தேகமெல்லாம் ஆரஞ்சுமேல்தான். ஆரஞ்சோ புதிதாகக் கல்யாணம் ஆனவன். எந்நேரமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மூலையில் சிரிக்கிறவனுக்கு அடுத்தவன் டிவியைத் தொட நேரம் ஏது?

வாங்க வருகிறவர்கள்மேல் நீலக்காவுக்கு இருக்கும் கோபம் தனி. தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கியதை எல்லாம் கேட்டுவிட்டு, கண்ணெதிரிலேயே போனை எடுத்து அதே டிவி ஆன்லைனில் என்ன விலை என்று பார்க்கிறவர்கள் ஒரு ரகம். குடும்பத்தோடு வந்து ஏசிக் காற்று வாங்கி, ஆளுக்கொரு கருத்துச் சொல்லி, கடைசியில் "யோசிச்சுட்டு வரோம்" என்கிறவர்கள் இன்னொரு ரகம். "யோசிச்சுட்டு வரோம்னா வரமாட்டோம்னு அர்த்தம். அத நேரா சொன்னா வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?" என்பார். ஒருமுறை கழுத்தில் அடையாள அட்டை தொங்க வந்த ஓர் ஆள், அவர் பேசப் பேச அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "வேற சார் யாராவது இருக்காங்களா மேடம்? கொஞ்சம் டெக்னிக்கலா கேக்கணும்" என்றார். "இருக்காரு சார். கீழ மிக்ஸி விக்கிறாரு. வரச் சொல்லட்டுமா?" என்றார் நீலக்கா. சிரித்த முகம்தான். ஆனால் அன்று மாலை வரை அந்த மாடியில் யாரும் அவரிடம் வாயைக் கொடுக்கவில்லை.

எல்லா ரகமும் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான். "நீங்க வீட்ல எது வெச்சிருக்கீங்க?"

"நீலம்தான் சார். ஏழு வருஷமாச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல." கண் இமைக்காமல் சொல்வார்.

அவர் வீட்டில் டிவியே கிடையாது. டிவி இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளைகளின் புத்தகப் பைகள் தொங்குகின்றன. கடைகளில் ஓடுவதற்கென்று கம்பெனிகள் ஒரு படம் கொடுத்திருக்கின்றன: ஒரு கிளி பறக்கும், ஒரு சிவப்புப் பூ விரியும், தேன் சொட்டும், மறுபடி கிளி பறக்கும். நாள் முழுக்க முப்பது திரையில் அந்தக் கிளியைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு வீட்டில் வெறும் சுவரைப் பார்த்தால்தான் கண் ஆறுகிறது. "அந்தக் கிளி மட்டும் என் கையில கெடைச்சுது..." என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்.

வேலை நேரத்தில் அவர் நிற்கும் இடத்தைக் கவனித்தால் இன்னொரு விஷயம் பிடிபடும். மற்றவர்கள் டிவியை ஒட்டி நிற்பார்கள். நீலக்கா நாலடி தள்ளி, பக்கவாட்டில், வேலிக்கம்பு போல நிற்பார். வாங்க வந்தவர் அந்தப் பக்கம் ஒரு அடி நகர்ந்தால் இவரும் நகர்வார். "இப்படி வாங்கம்மா, நடுவுல நின்னு பாருங்க, அப்பத்தான் அழகு தெரியும்" என்று தோளைத் தொட்டுத் திருப்பி நிறுத்துவார். காரணம் இருக்கிறது. நீலத்தின் திரை நேராகப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். பக்கவாட்டுக்குப் போனால் மனிதர் முகமெல்லாம் மாவு பூசியது போல் வெளுத்துவிடும். பச்சையின் திரைக்கு அத்தனை பளபளப்பு இல்லை, ஆனால் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நிறம் மாறாது. இது நீலக்காவுக்குத் தெரியும், பச்சைக்கும் தெரியும். அதனால் அவன் ஆளைப் பக்கவாட்டுக்கு இழுப்பதும், இவர் நடுவுக்கு இழுப்பதுமாக, நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பத் தலைவர் திருவிழாவில் தொலைந்த குழந்தையைப் போல் முழிப்பார்.

போன வாரம் நீலக்காவின் கோபத்துக்குக் காலையிலேயே தீனி கிடைத்துவிட்டது. கம்பெனி மேற்பார்வையாளர் போனில் கூப்பிட்டு, இந்த மாதமும் விற்பனை இப்படியே படுத்தால் அந்த நீலச் சட்டைக்குள் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். "சட்டைய வேணா கழட்டித் தரேன், போட்டுக்கிட்டு நீங்களே வந்து ஒரு நாள் நின்னு பாருங்க" என்று நாக்கின் நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, போய் பச்சையின் டிவியில் வழக்கத்தைவிட ரெண்டு அழுத்து அதிகமாக அழுத்திவிட்டு வந்தார். மத்தியானம் கடை காலியாக இருந்த நேரத்தில் படியேறி வந்தது அவருடைய அண்ணி.

அண்ணன் வீட்டோடு நீலக்காவுக்குப் பேச்சுவார்த்தை அறுந்து மூன்று வருடமாகிறது. அண்ணன் பெயிண்டர், வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். பக்கத்துச் சுவரின் வெள்ளையும் இந்தச் சுவரின் வெள்ளையும் ஒன்றில்லை என்று சண்டை பிடித்து, காசு வாங்காமல் மறுபடி அடித்துக் கொடுக்கிற ஆள். தங்கை இந்த வேலையில் சேர்ந்த அன்று, அவர் கணவரும் பிள்ளைகளும் இருக்கும்போதே, "நாள் பூரா கண்டவன்கிட்ட பல்லக் காட்டிப் பொய் சொல்ற பொழப்பு உனக்கு எதுக்கு பாப்பா?" என்று கேட்டுவிட்டார். "நீ சுவத்துக்குப் பூசுற, நான் வார்த்தைக்குப் பூசுறேன். உனக்கென்ன?" என்று இவரும் விடவில்லை. அதோடு சரி.

பிறகு அண்ணன் சாரம் சரிந்து விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. மனசு கேட்காமல் பழப் பையோடு போய் நின்றார் நீலக்கா. ஒருக்களித்துப் படுத்திருந்தவர் தங்கையைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "தூங்குறாராம்! எனக்குத் தெரியாதா அந்தத் தூக்கம்? ஸ்கூலுக்கு மட்டம் போட இதே தூக்கத்தத்தான் தூங்குவாரு" என்று இன்றைக்கும் ஆறவில்லை அவருக்கு. பழத்தை ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரும்பியவர்தான். ஆனால் அந்தச் சில நிமிடத்தில் அறையைக் கண்ணால் அளந்துவிட்டிருந்தார். தொழில் புத்தி எங்கே போகும்? கட்டில் ஜன்னலை ஒட்டி, நகர்த்த இடமில்லை. ஒரு பக்கமாகத்தான் படுக்க முடியும். எதிர்ச் சுவரில் கதவு இருப்பதால், டிவி மாட்டுவதென்றால் கால்மாட்டுக்கு அப்பால், கோடியில் இருக்கும் சுவர்தான்; படுத்த இடத்திலிருந்து அது பக்கவாட்டில்தான் தெரியும்.

அண்ணி படியேறி வந்ததும் நீலக்காவைப் பார்த்துத் தயங்கி ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு நேராகப் பச்சையிடம் போய்விட்டார். நீலக்கா துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த திரையை மறுபடி துடைத்தார். எதிர்ச் சுவரில் பச்சை தேனை ஊற்றிக்கொண்டிருந்தான். அண்ணி தலையை ஆட்டினாலும் கண் மட்டும் இங்கே ஜொலிக்கிற கிளியின்மேலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் காலும் கண் போன வழியே வந்துவிட்டது.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன் அண்ணி. ஒரு வழியா இந்தப் பக்கம் வர வழி தெரிஞ்சுதா?"

"கோவிச்சுக்காத. உங்க அண்ணன் சத்தம் போடுவாருன்னுதான் அங்க போனேன். ஆனா அது என்னமோ செத்த மாதிரி இருக்கு. உன்னோடது கண்ணப் பறிக்குது."

"அவருக்கா டிவி?"

"அவருக்குத்தான். நாளெல்லாம் எதிர்ச் சுவத்தையே பாத்துட்டுக் கெடக்காரு. அவரே அடிச்ச சுவரு. அதுல ஒரு எடத்துல ரோலர் கோணலா போயிருக்காம். எந்திரிச்சு அத சரி பண்ண முடியலையேன்னு தெனமும் அதே பொலம்பல். நேத்து என்ன தோணுச்சோ, 'கலரா எதையாவது பாக்கணும்டி'ன்னாரு. விழுந்ததுக்கு அப்புறம் மனுசன் வாய் தொறந்து ஒண்ணு கேட்டது இதான் மொதல் தடவ." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார் அண்ணி. "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது. இதையே குடுத்துடும்மா."

அண்ணியை நீலக்கா நடுவில் பிடித்து நிறுத்தக்கூட இல்லை. அண்ணியாகவே வந்து நடுவில் நின்றார், அவராகவே கேட்டார். மேற்பார்வையாளரின் குரல் இன்னும் காதில் இருந்தது. அண்ணனின் மூடிய அந்தக் கண்களும் நினைவுக்கு வந்தன. கிடக்கட்டுமே. வெளுத்த கிளியையும் மாவு பூசிய மூஞ்சிகளையும் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும். தங்கையைப் பார்க்கப் பிடிக்காத கண்ணுக்கு அது போதாதா? அப்படித்தான் நினைத்தார். "எடுத்துக்குங்க அண்ணி" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

அதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். மனசில் ஒன்றைப் போட்டு மூடி வைக்கத் தெரியாத பெண்மணி. "அவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'பாப்பாகிட்ட மட்டும் போயிடாத. பொய் சொல்லிப் பொழைக்கிறவ. கூடப் பொறந்தவன்னு பாக்கமாட்டா, உன் தலையிலயும் அவ கம்பெனி டிவியத்தான் கட்டுவா'ன்னாரு. நான்தான், என்ன இருந்தாலும் நம்ம பாப்பா அப்படிச் செய்யுமான்னு கேட்டேன்."

நீலக்காவின் முகம் சட்டென்று கறுத்தது. அண்ணன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அந்த மனிதர் படுத்த இடத்திலிருந்தே ஜெயித்திருப்பார்.

"அப்படியா சொன்னாரு?" குரல் தணிந்து வந்தது. அந்தக் குரலை அறிந்த ஆரஞ்சு, போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான்.

அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார் நீலக்கா. இரண்டு சுவருக்கும் நடுவில், வருகிறவர்கள் உட்கார ஒரு நீள சோபா கிடக்கிறது. அதன் கோடியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"படுங்க."

"என்னது?"

"படுங்க அண்ணி. அண்ணன் எப்படி ஒருக்களிச்சுப் படுப்பாரோ அப்படிப் படுங்க. தலை இங்க வரட்டும்."

"பசங்க பாக்குறாங்கம்மா..."

"பாக்கட்டும். பாக்குறதுக்குத்தானே கடை."

அண்ணி கூச்சத்தோடு சோபாவின் கைப்பிடியில் தலையை வைத்து ஒருக்களித்துப் படுத்தார். "இப்ப என் டிவியப் பாருங்க. கிளி எப்படி இருக்கு?"

"ஐயையோ, என்ன இது! சாம்பலப் பூசினாப்புல இருக்கு. பூவும் வெளுத்துப் போச்சே!"

"அதான் உங்க வீட்டுக்காரர் பாக்கப்போற கிளி. அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு, அந்தச் சுவத்துல மாட்டிப் பாத்தா இதான் தெரியும். இப்ப தலைய அந்தக் கோடிக்கு மாத்தி, எதிர்ல இருக்கிறதப் பாருங்க."

எழுந்து, மாறி, மறுபடி படுத்தார் அண்ணி. பச்சைக்கு நடப்பது எதுவும் விளங்கவில்லை. நீலச்சட்டை தன் டிவியைப் பார்க்கச் சொல்கிறது என்பதை மட்டும் புரிந்துகொண்டு வாயைப் பிளந்து நின்றான்.

"இது பரவால்ல. எங்கருந்து பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கு. ஆனா மங்கல்தாம்மா." எழுந்து போய், பச்சைத் திரையில் கிளியின் கழுத்தில் விரலை வைத்தார் அண்ணி. "இந்தச் செவப்பப் பாரேன். உயிரே இல்ல. அவர் பாத்த ஒடனே சொல்லிடுவாரு."

நீலக்கா நாலே எட்டில் சுவரைக் கடந்தார். பச்சை டிவியின் அடியில் கையைக் கொடுத்தார். விரல் தேடவே இல்லை, போன வேகத்தில் பொத்தானில் உட்கார்ந்தது. வெளிச்சம் ஏறியது. நிறம் ஏறியது. கிளியின் கழுத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியது.

பச்சை திரையைப் பார்க்கவில்லை. தேடாமல் போன அந்த விரலைத்தான் பார்த்தான். "அக்கா... நீங்களா? இத்தன நாளா நான் ஆரஞ்சையில்ல..."

"ஆமா, நான்தான். இப்ப என்னங்கற? எங்க சர்வீஸ் சென்டரப் பூட்டினவன் நீ, உன் கிளியக் கொன்னவ நான். சரியாப் போச்சு. போய் இந்த சைஸ்ல புதுப் பெட்டி இருக்கான்னு பாரு. மாட்டி வெச்ச பீஸக் கழட்டி எங்க அண்ணி தலையில கட்டினே, அப்புறம் இருக்கு உனக்கு."

பச்சை விழுந்தடித்துக்கொண்டு ஸ்டாக் ரூமுக்கு ஓடினான்.

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் கம்பெனிக்காரங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்களாம்மா?"

"சொல்லுவாங்க. அத நான் பாத்துக்கிறேன்."

"அவர்கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

"பொய் சொல்லிப் பொழைக்கிறவ சொன்னான்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். கலர் சரியில்லன்னா அவரே போன் போட்டுத் திட்டட்டும். நானும் மூணு வருஷமா நாலு வார்த்த சேத்து வெச்சிருக்கேன்."

அண்ணி பில் போடும் இடத்துக்குப் படியிறங்கிப் போனார். ஆரஞ்சு மறுபடி போனை எடுத்தான். வாங்க வந்தவர் யாரும் இல்லாத மாடியில் நீலக்கா பச்சைச் சுவருக்கு முன்னால் நின்றார். கிளியின் கழுத்தில், அண்ணி விரல் வைத்த இடத்தில், ரேகை பளிச்சென்று பதிந்திருந்தது.

"பேசுறது வாயாலதானே? கை எதுக்கு?" என்று முணுமுணுத்தார். இடுப்பிலிருந்து நீலத்துணியை உருவினார். திரையருகே குனிந்து ஆவி படிய ஊதி, அந்தத் திரையை, தன் திரையைத் தேய்க்கிற அதே வெறியோடு, அடையாளம் மறையும் வரை துடைத்தார்.